வைத்தியரும் போதகரும்

உடல் நோவுற்றவன் வைத்தியர் வீட்டுப் படலையைத் தட்டுவதும், உள்ளம் நோவுற்றவன் கோயில் வாயிலை நாடுவதும் நெடுங்காலமாய் நிலவி வந்த வழக்கு. இவ்விரு வாயில்களுக்கும் இடையே மூன்றாவது வாயிலொன்று திறந்து ஏறக்குறைய நூறாண்டுகளே ஆகின்றன. துயருற்றவன் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, அவன் தன் வழியைத் தானே கண்டுகொள்ளத் துணை நிற்கும் அந்தக் கலையை இலங்கையில் உளவளத்துணை என்றும் சீர்மியம் என்றும் வழங்குவர். அவ்வாயிலில் வந்து அமரும் ஒருவன், கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்லி அழுவானாயின் அதற்கு விடை யாது?

சமயப் பேச்சுக்கு இது இடமன்று என விலக்கிவிடலாம். அவனுக்குப் போதனை செய்யலாம். அன்றி, அவன் சொன்னதை நோயின் அறிகுறியென ஏட்டிலே குறித்து வைக்கலாம். இம்மூன்று வழிகளும் வரலாற்றிலே செய்து பார்க்கப்பட்டவை. மூன்றும் போதா என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர், தாமே உளநோயாளராய்ப் பூட்டிய கதவின் உள்ளே கிடந்த ஒரு போதகர். அவர் பெயர் அன்ரன் பொய்சன்.

அவருடைய கதைக்கு முன்னே, ஆங்கில நாட்டு யோர்க் நகரில் நிகழ்ந்த ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். 1790ஆம் ஆண்டில் அந்நகரத்து மனநோயாளர் விடுதியிலே ஹன்னா மில்ஸ் என்னும் பெண் சேர்க்கப்பட்டாள். அவள் குவேக்கர் என்னும் கிறித்தவச் சமூகத்தைச் சேர்ந்தவள். அவளைக் காண வந்த அச்சமூகத்தார்க்கு விடுதியார் இடங்கொடுக்கவில்லை. சில வாரங்களில் அவள் அங்கேயே இறந்தாள். இக்கொடுமை கண்டு மனம் வருந்திய தேயிலை வணிகர் வில்லியம் ரியூக், தம் சமூகத்தாரின் துணைகொண்டு 1796ஆம் ஆண்டில் ஒரு புகலிடத்தைத் திறந்தார். அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. நோயாளர் விருந்தினர் போல் நடத்தப்பட்டனர். தோட்டவேலை, தையல், தேநீர், மரநிழல் ஆகியவையே அங்கு மருந்தாயின. இயன்றவர்கள் அமைதி வழிபாட்டிலும் கலந்துகொண்டனர். ஒவ்வொரு மனிதனுள்ளும் இறையொளி உண்டு என்பது குவேக்கர் கொள்கை. அறிவு கலங்கியவனிடத்தும் அவ்வொளி அணைந்துவிடவில்லை என்று அவர்கள் நம்பினமையே அந்தப் பரிவுக்கு வேராயிற்று. சமயம் அங்கே போதனையாக நிற்கவில்லை. நோயாளியை மனிதனாக மதிக்கும் ஒழுக்கமாக நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் நிலைமை மாறிற்று. மனநோயாளர் விடுதிகள் பல்கிப் பெருகின. சிறு புகலிடத்திற்குப் பொருந்திய பரிவு, ஆயிரக்கணக்கானோர் நெருங்கிக் கிடந்த மண்டபங்களிலே மறைந்தது. மனநோய்க்கு மூலம் மூளையே என்னும் கருத்து வலுப்பெற்றது. போதகர் ஞாயிறு தோறும் வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போவார். வைத்தியர் மற்றை நாட்களில் நோயைப் பார்ப்பார். ஒருவர் பணியை மற்றவர் அறியார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விடைவெளியைப் பற்றி இரண்டு பெருங்குரல்கள் எழுந்தன. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, சமய அனுபவத்தை அதன் பிறப்பிடங்கொண்டு பழித்தல் கூடாது என்றும், அது வாழ்விலே தரும் பயனைக்கொண்டே எடைபோட வேண்டும் என்றும் வாதித்தார். வியன்னா நகரத்து வைத்தியரான சிக்மண்ட் பிரொய்ட் வேறு வழியிற் சென்றார். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் நோய்க்கும் சமயச் சடங்குக்கும் உள்ள ஒப்புமையை அவர் 1907ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். 1927ஆம் ஆண்டிலோ, சமயம் மனிதகுலத்தின் குழந்தைப் பருவ ஆசையிற் பிறந்த மாயை என்றே எழுதினார்.

ஆயினும் பிரொய்டின் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர் சூரிச் நகரத்துப் போதகரான ஒஸ்கார் பிபிஸ்ரர் என்பது வியப்புக்குரியது. 1909ஆம் ஆண்டிலே தொடங்கிய அவர்களுடைய கடிதத் தொடர்பு பிரொய்டின் இறுதிக்காலம் வரை அறவில்லை. உளப்பகுப்பாய்வு தன்னளவிலே சமயச் சார்புடையதுமன்று, சமயத்துக்கு மாறானதுமன்று; துன்புறுவோரின் விடுதலைக்காக எவரும் கையாளத்தக்க கருவியே அது என்று பிரொய்ட் அந்நண்பருக்குத் தொடக்கத்திலேயே எழுதினார். அவருடைய 1927ஆம் ஆண்டு நூலுக்கு மறுப்பெழுதிய பிபிஸ்ரர், மறு ஆண்டிலே அதனைப் பிரொய்ட் நடத்திய ஏட்டிலேயே வெளியிட்டார். கொள்கையில் மாறுபட்டும் அவர்கள் நட்பிற் பிரியவில்லை. எனினும் பின்வந்த மாணாக்கர் பலர், அந்நட்பை மறந்து மறுப்பை மட்டுமே நினைவிற் கொண்டனர். சமயத்தைப் பற்றி நோயாளி பேசினால் அதன் பின்னே ஒளிந்து நிற்பது யாது என்று தேடுவதே வழக்கமாயிற்று. அவன் சொல்லியதையே கேட்பார் அருகினர்.

இச்சூழலிலேதான் பொய்சனின் வாழ்க்கை அமைந்தது. அவர் 1876ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே, புளூமிங்ரன் என்னும் பல்கலைக்கழக நகரில், கல்வியும் சமயப்பற்றும் மிக்க குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் மொழிப் பேராசிரியர். தாய்வழிப் பாட்டனார் போதகராகவும் பேராசிரியராகவும் விளங்கியவர். ஏழு வயதிலே தந்தையை இழந்த பொய்சன், இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். மொழி பயிற்றும் ஆசிரியராகத் தொடங்கி, பின்னர் வனவியல் கற்று அரசாங்க வனத்திணைக்களத்திற் பணியாற்றினார். அதன் பின்னரே நியூயோர்க் யூனியன் இறையியற் கல்லூரியிற் புகுந்து போதகரானார். நாட்டுப்புறத் திருச்சபைகளிற் பணியாற்றினார். முதலாம் உலகப்போர்க் காலத்திலே ஐரோப்பா சென்று போர்வீரரிடையே தொண்டு செய்தார். எங்கும் அவருக்கு நிறைவு கிட்டவில்லை. 1902ஆம் ஆண்டிற் கண்டு காதலித்த பெண்மணி அவரை ஏற்கவில்லை. அக்காதலும் அவரை விட்டகலவில்லை.

1920ஆம் ஆண்டு, மீண்டும் திருச்சபைப் பணியிற் சேர எண்ணிய பொய்சன் தம் நம்பிக்கையறிக்கையை எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டிருந்தபோதே அவருடைய உள்ளம் நிலைகுலைந்தது. உலகம் அழியப்போகின்றது என்னும் எண்ணம் அவரை ஆட்கொண்டது. அந்த ஒக்டோபர் மாதத்திலேயே பொஸ்ரன் நகரத்து உளநோய் வைத்தியசாலையில் அவர் சேர்க்கப்பட்டார். பின்னர் வெஸ்ற்பரோ அரச வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கை நெருங்கியிருந்தது. இந்நோய் தீராதென்றே குடும்பத்தார்க்குச் சொல்லப்பட்டது.

அவ்வைத்தியசாலையிலே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி பொய்சனின் பிற்கால வாழ்வுக்கே திறவுகோலாயிற்று. இரவிலே சந்திரனைப் பார்த்தபோது அதன் நடுவே ஒளிச்சிலுவையொன்று தோன்றக் கண்டார். சிலுவை துன்பத்தின் சின்னம்; ஆதலால் சந்திரனும் துன்புறுகின்றது என்று அஞ்சினார். சில நாட்களின் பின்னர், வேறோர் இடத்திலே நின்று பார்த்தபோது சிலுவை காணப்படவில்லை. காரணத்தை ஆராய்ந்தார். முன்னர் அவர் பார்த்தது தாழ்வாரத்துக் கம்பிவலையினூடாக. இப்போது பார்த்தது அவ்வலையிலே ஓட்டை விழுந்திருந்த இடத்தினூடாக. வலையின் இழைகளே ஒளியைச் சிலுவையாய்க் காட்டின. மயங்கிய மனமும் உண்மையைச் சோதித்தறிய வல்லது என்பதை அவர் அன்று தம்மிடத்திலேயே கண்டார்.

தெளிவு பெற்ற வேளைகளில் அவருடைய உள்ளத்தை ஒரு கேள்வி வருத்திற்று. தம்மைச் சூழ்ந்திருந்த நோயாளருட் பலர் பாவம், தண்டனை, மன்னிப்பு, மரணம், கடவுள் என்பவற்றைப் பற்றியே ஓயாது பேசினர். அவ்வாறு பேசியவற்றைப் பற்றி அவர்களோடு உரையாட ஒருவருமிலர். வைத்தியர் சமயத்தை அறியார். ஞாயிறு தோறும் வந்த போதகரோ நோயை அறியார். கை முறிந்தவனுக்கு வைத்தியசாலை கட்டிக்கொடுத்த திருச்சபை, உள்ளம் முறிந்தவனை ஏன் மறந்தது என்று பொய்சன் வினவினார்.

பதினைந்து மாதங்களின் பின், 1922ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவர் வெளியேறினார். நோயை மறைத்துப் பழைய வாழ்வுக்குத் திரும்புவதே பிறர் கூறிய அறிவுரை. அவரோ நோயையே தம் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து கற்றார். அங்கே புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர் றிச்சர்ட் கபொட் அவருக்கு ஆதரவளித்தார். 1924ஆம் ஆண்டிலே வூஸ்ரர் நகரத்து அரச மனநோய் வைத்தியசாலையின் அத்தியட்சகரான வில்லியம் பிறையன், பொய்சனை வைத்தியசாலைப் போதகராக நியமித்தார். முன்னாள் மனநோயாளியொருவரை மனநோயாளரின் போதகராக்குவது அந்நாளிலே துணிவான செயல். நோயாளர்க்கு நலந்தரும் என்று தோன்றினால் எவரையும் அழைத்துவரத் தயங்காதவர் என்று பிறையனைப் பற்றிக் கூறுவர்.

அடுத்த ஆண்டுக் கோடைகாலத்திலே, அதாவது 1925ஆம் ஆண்டிலே, பொய்சன் நான்கு இறையியல் மாணவரை அவ்வைத்தியசாலைக்கு அழைத்துவந்தார். அவர்கள் வந்தது பிரசங்கம் செய்வதற்கன்று. பகலிலே நோயாளர் மண்டபங்களிற் பணியாளராய் உழைத்தனர். மாலையிலே வைத்தியரோடும் பொய்சனோடும் கூடியிருந்து, தாம் கண்ட நோயாளரின் வரலாறுகளை எழுதி ஆராய்ந்தனர். இறையியல் மாணவர் பழைய ஏடுகளைக் கற்பது போலவே மனிதரையும் கற்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியும் உயிருள்ள ஓர் ஆவணம் என்பது பொய்சனின் கொள்கை. ஏட்டைப் படிப்பவன் தன் கருத்தை அதன்மேல் ஏற்றலாகாது. அஃது என்ன சொல்கின்றது என்றே முதலிற் பார்த்தல் வேண்டும். மனிதரைக் கற்பதற்கும் இதுவே விதி. சமயத்தையும் உளநலத்தையும் ஒருங்கே நோக்கும் பயிற்சிக்கு இவ்வாறு அடித்தளம் இடப்பட்டது. 1930ஆம் ஆண்டில் இப்பயிற்சியை நடத்துவதற்கென ஒரு மன்றமும் நிறுவப்பட்டது.

பொய்சனின் ஆராய்ச்சி முடிவுகள் 1936ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. வூஸ்ரர் வைத்தியசாலையில் உளச்சிதைவு நோயுற்ற 173 பேரின் வரலாறுகளை அவர் ஒப்பிட்டு நோக்கினார். தம் தோல்வியை மறைத்துப் பிறரையே குற்றஞ்சாட்டி வந்தோரும், போராடாமலே வாழ்வினின்று ஒதுங்கியோரும் தேறுதல் அரிதாயிருந்தது. தம் குறையைத் தாமே எதிர்நோக்கிப் பெருங்கலக்கம் எய்தியோரிடத்திலேதான் சமயச் சிந்தனை மிகுதியாயிருந்தது. நலம் பெறும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகமாயிருந்தது. இதனால், சில கலக்கங்கள் காய்ச்சலைப் போன்றவை. அவை நோயை எதிர்த்து உள்ளம் நடத்தும் போராட்டம் என்று அவர் முடிவு செய்தார். பவுல், ஜோன் பனியன், குவேக்கர் சமூகத்தைத் தோற்றுவித்த ஜோர்ஜ் பொக்ஸ் முதலியோரும் இத்தகைய கலக்கத்தினூடே சென்று மீண்டவர்களே என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இக்கருத்தை அவருடைய ஆதரவாளரான கபொட் ஏற்கவில்லை. உளச்சிதைவு உடலின் இரசாயன மாறுபாட்டால் விளைவது. அதிற் சமயப் பொருள் தேடுவது வீண் என்பது கபொட்டின் உறுதி. 1930ஆம் ஆண்டிலே தாயாரை இழந்த பொய்சன் மீண்டும் ஒருமுறை நோயுற்றபோது அவ்விருவருக்குமிடையே இருந்த விரிசல் பெரிதாயிற்று. தாம் தொடக்கிய பயிற்சியின் தலைமை பொய்சன் கையை விட்டுப் போயிற்று. 1932ஆம் ஆண்டில் அவர் இலினோய் மாநிலத்து எல்ஜின் அரச வைத்தியசாலைக்குச் சென்று அங்கே பணியைத் தொடர்ந்தார். 1935ஆம் ஆண்டில் தாம் காதலித்த பெண்மணி இறந்த காலத்தில் மூன்றாம் முறையும் நோய் கண்டது, அதினின்றும் மீண்டார். 1960ஆம் ஆண்டிலே, தம் எண்பத்து நான்காம் வயதளவில், தம்முடைய நோய் வரலாற்றை மறைவின்றி எழுதி வெளியிட்டார். பிறரை ஆவணமாகக் கற்றவர், தம்மையும் ஓர் ஆவணமாகப் பிறர் கையிற் கொடுத்துவிட்டு 1965ஆம் ஆண்டிலே எல்ஜினிற் காலமானார்.

பொய்சனுக்கும் கபொட்டுக்கும் இடையே எழுந்த வழக்கிலே தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. உளச்சிதைவு நோயில் மூளையின் தொழிற்பாட்டுக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு என்பதை இன்றைய வைத்தியம் ஐயமின்றி ஏற்கின்றது. 1952ஆம் ஆண்டு தொடக்கம் இந்நோய்க்கு மருந்துகளும் வழக்கிலுள்ளன. மருந்தை நிறுத்தி நேர்த்திக்கடனை மட்டுமே நம்பியிருத்தல் பேராபத்து. இவ்வளவிலே கபொட்டின் பக்கமே வலிது. ஆயினும் நோயின் காரணம் மூளையிலே இருப்பினும், நோயுற்றவன் அதற்குக் கொள்ளும் பொருள் அவனுடைய வாழ்விலிருந்தே வருகின்றது. அவனுடைய அச்சத்தையும் நம்பிக்கையையும் கேட்க ஒருவர் வேண்டும் என்ற பொய்சனின் முறையீடு இன்றும் பழுதுபடவில்லை.

உளவளத்துணை தனிக் கலையாய் மலர்ந்ததும் இக்காலத்திலேயே. அதன் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் கார்ல் றொஜர்ஸ், 1924ஆம் ஆண்டில் யூனியன் இறையியற் கல்லூரியிலே மாணவராய்ச் சேர்ந்தவர். குறித்த ஒரு சமயக் கொள்கையை நம்பியே தீர வேண்டிய தொழிலில் தம்மால் நிலைக்க இயலாதென உணர்ந்து, ஈராண்டுகளில் உளவியலுக்குத் திரும்பினார். 1942ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய நூல், அறிவுரை கூறாது செவிசாய்க்கும் முறையை உலகறியச் செய்தது. பின்வந்த உளவளத்துணையாளர் பலர், நடுநிலை என்றால் சமயத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் என்றே பொருள் கொண்டனர். நடுநிலை வேறு, மௌனம் வேறு என்பது நாட்கள் செல்லவே புலனாயிற்று. துணையாளர் ஒருபோதும் வினவாவிடின், அது பேசத்தகாத பொருள் என்றே துயருற்றவன் எண்ணிக்கொள்வான்.

1994ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்ப் பகுப்பேட்டின் நான்காம் பதிப்பு, சமய அல்லது ஆன்மிகப் பிரச்சினை என்பதை ஒரு தனிப்பிரிவாகச் சேர்த்தது. நம்பிக்கை இழத்தல், மதம் மாறியதால் எழும் இடர் முதலியன நோயல்ல. ஆயினும் கவனித்தற்குரியன என்பது அப்பிரிவின் கருத்து. 2016ஆம் ஆண்டில் உலக உளமருத்துவச் சங்கம், நோயாளரின் சமய, ஆன்மிக வாழ்வைக் கேட்டறிதல் சிகிச்சையின் பகுதியாதல் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. உளமருத்துவர் தம் நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ நோயாளர்மேற் சுமத்துதல் ஆகாது என்பதையும் அவ்வறிக்கை வலியுறுத்திற்று.

கேட்டறிதல் ஏன் இன்றியமையாதது? சமயம் எப்போதும் ஆறுதலாக மட்டும் இருப்பதில்லை. உளவியலாளர் கெனெத் பார்கமென்ரும் அவருடன் உழைத்தோரும் 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டிருந்த, ஐம்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளரை அவர்கள் ஏறக்குறைய ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கடவுள் தம்மைக் கைவிட்டார், தம்மிடம் அன்பற்றவரானார், இது பேயின் செயல் என்றெல்லாம் எண்ணி வருந்தியவரிடையே இறப்பு அதிகமாயிருந்தது. ஒரே நம்பிக்கை ஒருவனுக்கு ஊன்றுகோலாகவும், இன்னொருவனுக்குக் கழுத்துச் சுமையாகவும் அமையலாம். கேட்காமல் அவ்வேறுபாட்டை அறிய வழியில்லை.

பிள்ளையை நோயிற் பறிகொடுத்த தாயொருத்தி, தான் செய்த வினையின் பயனே இது என்று சொல்வதாகக் கொள்வோம். வினையென்று ஒன்றில்லை என வாதிடும் துணையாளர் அவளுடைய உலகையே இடித்துவிடுகின்றார். ஆம், வினைதான் என்று தலையசைப்பவரோ அவளுடைய குற்றவுணர்வை மேலும் கூர்மையாக்குகின்றார். அந்த எண்ணம் அவளுக்குத் தாங்கும் வலிமையைத் தருகின்றதா, உறக்கத்தைக் கெடுக்கின்றதா என்று கேட்பவரே அவளோடு உடன் நடப்பவர். அவள் வேண்டினால், அவள் மதிக்கும் குருவிடமோ பெரியவரிடமோ அவளை அனுப்புதலும் துணையாளரின் கடமையே. ஒருவர் நம்புவது அவருடைய சமூகத்தார் பலரும் நம்புவதுதானா, அல்லது அவர்களும் கண்டஞ்சும் புதுமையா என்று அறிதற்கும், நோயையும் நம்பிக்கையையும் பிரித்துணர்தற்கும் அத்தகையோரின் உதவி வேண்டும்.

இவ்வரலாற்றுக்கு இலங்கையிலும் தொடர்புண்டு. 1953ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத் தேவாலயமொன்றிலே சாட் வாரா என்னும் அங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணத்தால் வருந்துவோர்க்குச் செவிசாய்க்கும் சமாரியர் இயக்கத்தைத் தொடங்கினார். தொடங்கியவர் குருவேயாயினும், நாடி வந்தவரிடம் சமயம் பரப்பலாகாது என்பதை அவ்வியக்கம் உறுதியான விதியாக்கியது. அதே நெறியிலே 1974ஆம் ஆண்டில் இலங்கையிற் சுமித்ரயோ தோன்றிற்று.

போர்க்காலமோ இன்னும் கடினமான பாடத்தைக் கற்பித்தது. மட்டக்களப்பு மாவட்டத்திலே, காணாமற்போன மகனைப் பற்றிக் கேட்க அலுவலகங்களிற் பயனின்றி அலைந்த தாய்மார், அம்மன் கோயில்களை நாடிச் சென்றனர். தெய்வமேறி வாக்குச் சொல்வோரின் முன்னிலையிலே, வெளியிற் சொல்ல அஞ்சியதை அவர்கள் சொல்லி அழுதனர். மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் 1990களிலே இதனை நேரிற் கண்டு எழுதியுள்ளார். யாழ்ப்பாணத்திலே உளமருத்துவர் தயா சோமசுந்தரம், பதற்றத்தாலும் அதிர்ச்சியாலும் வருந்தியோர்க்குத் தளர்வுப் பயிற்சி கற்பித்தபோது, அவரவர் சமயத்துக்குரிய திருமொழிகளையே அவரவர் உச்சரிக்கும்படி செய்தார். சைவருக்கு ஒன்று, பௌத்தருக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கும் இஸ்லாமியருக்கும் வேறு என அது அமைந்தது. புதிய நம்பிக்கை எதுவும் அங்கே புகுத்தப்படவில்லை. இருந்த நம்பிக்கையே மருந்துக்குத் துணையாயிற்று.

1790இலே யோர்க் நகரிற் பூட்டிய கதவினுள்ளே, தன் மக்களைக் காணாமலே ஒரு பெண் இறந்தாள். 1920இலே வெஸ்ற்பரோவிற் பூட்டிய கதவினுள்ளே இருந்த ஒருவர், தம்மைச் சூழ்ந்திருந்தோர் பேசுவதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு வைத்தியரையும் குருவையும் உளவளத்துணையாளரையும் ஒருங்கே சார்ந்தது. ஒருவர் பணியை மற்றவர் செய்ய வேண்டுவதில்லை. தம் வாயிலுக்கு வந்தவனை, அவனுக்கு வேண்டிய மற்றை வாயிலுக்கும் வழிகாட்டி அனுப்பும் மனம் இருந்தாற் போதும்.